கல்சட்டியும் அல்காரிதமும்

கும்பகோணத்தில் என் சித்தப்பாவுக்குப் பாத்திரக்கடை. "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே" என்று சொல்லி, போன வருஷம் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை என் தலையில் கட்டிவிட்டார். சம்பளம் கிடையாது. போனால் டிகிரி காபி உண்டு.

2020 ஜூனில் டிக்டாக்குக்குத் தடை வந்தது. அடுத்த மாதமே இந்தியாவுக்கு ரீல்ஸ் வந்துவிட்டது. அன்றிலிருந்து வியாபாரம் செய்கிறவன் ஆடவும் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ஜவுளிக்கடை முதலாளி ஆடுகிறார், பிரியாணிக்கடை மாஸ்டர் ஆடுகிறார். சித்தப்பா கல்லாவை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். ஆக, எங்கள் ரீல்களில் குத்துவிளக்கு அசையாமல் நிற்கும்; பின்னால் அவர் அதைவிட அசையாமல் இருப்பார்.

அல்காரிதம் என்பது தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை. எதற்குச் சிரிக்கும், எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பதிவை எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள் என்பது ரொம்ப முக்கியம் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். இதைச் சித்தப்பாவிடம் சொல்லித் தொலைத்தேன். இட்லிக் கொப்பரை ரீலைச் சம்பந்தி வீடு, எல்.ஐ.சி. ஏஜெண்ட், பல் டாக்டர் என்று ஒருவர் விடாமல் அனுப்பிவிட்டார். பல் டாக்டர் மட்டும் கும்பிடு போட்டிருந்தார்.

ஆனால் நிஜமான தலைவலி விலைதான். பதிவிலேயே போட்டுவிடலாம் என்றேன். "போட்டா எதிர்த்த கடைக்காரன் பத்து ரூபா கொறைச்சுப் போடுவான்" என்றார். சரி, 'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்.' வந்தார்கள். ராத்திரி பதினொன்றரைக்கு "ஹாய்" என்பார்கள். பதிலுக்கு நாமும் "வணக்கம், சொல்லுங்க" என்போம். காலையில் "விலை?" என்று வரும். விலையைச் சொன்னதும் "கடைசி விலை?" என்று வரும். அதையும் சொன்னால், பார்த்துவிட்டார் என்று மட்டும் காட்டும். அப்புறம் ஆளே இருக்காது. எதிர்த்த கடைக்காரரும் இப்படி ஹாய் சொல்லியே விலை கேட்டிருப்பார் என்பது என் சந்தேகம்.

இந்த லட்சணத்தில் ஒருநாள் சித்தி, புதுக் கல்சட்டியைப் பழக்கிக்கொண்டிருந்தார். மாக்கல் ஆயிற்றே, எடுத்த எடுப்பில் அடுப்பில் வைத்தால் விரிசல் விட்டுவிடும். எண்ணெய் தடவி, சூடான வடிகஞ்சியைத் தினம் ஊற்றி வைத்து, நாள் கணக்கில் பழக்க வேண்டும். கஞ்சி ஆவி முகத்தில் அடிக்க, "இந்த மனுஷனையும் இப்படித்தான் பழக்கினேன், இன்னும் பழகலை" என்றார். அதை ரீலாக எடுத்துப் போட்டேன். பிய்த்துக்கொண்டு ஓடியது.

கமெண்டுகளைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கல்சட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "அக்கா, இந்தப் புடவை எங்க வாங்கினது? விலை என்ன?" என்றுதான் வரிசையாக இருந்தது. சித்தி ஒவ்வொருவருக்கும் கடைப் பெயர், தெரு, விலை எல்லாம் போட்டுப் பதில் எழுதினார். பெரிய தெருவில் அந்தப் புடவை தீர்ந்துபோயிற்று என்று கேள்வி.

அந்த ஜவுளிக்கடை முதலாளி இப்போது சித்தியை விளம்பரத்துக்குக் கூப்பிடுகிறார். காசு வாங்கினால் விளம்பரம் என்று பதிவில் போட வேண்டும், இந்திய விளம்பரத் தர மன்றம் 2021லேயே விதி போட்டுவிட்டது என்றேன்.

"அதெல்லாம் போட்டுக்கலாம். எவ்வளவு தருவாங்கன்னு கேளு" என்றார் சித்தி.

நான் அவர்களுக்கு "ஹாய்" என்று அனுப்பியிருக்கிறேன்.