ஒன்னேகால் மணி நேரமாம்!

வாடா பேராண்டி, உக்காரு. நைரோபியில ஏறி எண்டெபியில இறங்க எம்புட்டு நேரம்னு போன்ல தட்டிப் பார்த்தியாம்ல? 520 கிலோமீட்டராம், ஒன்னேகால் மணியாம். விக்டோரியா ஏரியத் தாண்டுனா உகாண்டாவாம். லயம் பூராத் தண்டோரா போட்டாச்சு. ஒங்கம்மா பேசுறதக் கேட்டா, காலையில போயி சாயங்காலம் காப்பிக்கு வந்துருவ போலிருக்கு.

அந்த 520 காக்கா கணக்குடா. காக்காயக் கேட்டா, மூணாறுக்கும் கொடைக்கானலுக்கும் 50 கிலோமீட்டர் சுமாருங்கும். ஒங்க சித்தியப் பாக்க, போடி இறங்கி, தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு சுத்தி மறுபடி மலையேறினா 170 ஆகுதே, அத யாரு குடுப்பா? பாலக்காட்டுக்காரன் பாடு இன்னும் கூத்து. பறம்பிக்குளம் அவன் ஜில்லாதான். ஆனா ரோட்டுல போகணும்னா தமிழ்நாட்டுக்குள்ள வந்து, சேத்துமடை, டாப்சிலிப் ஏறித்தான் சொந்த மண்ணுக்குப் போகணும்.

சரி, ஒன் கணக்குக்கே வாரேன். மஞ்சக்காய்ச்சல் ஊசி போட்டுப் பத்து நாள் ஆனாத்தான் அந்தச் சீட்டு செல்லும். அது இல்லாம உகாண்டாக்காரன் உள்ள விடமாட்டான். ஒன்னேகால் மணிக்குப் பத்து நாள், எழுதிக்க. இங்க மூணாறுலருந்து நெடும்பாசேரி ஏர்போர்ட் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். அதுவும் வழியில படையப்பா நிக்காம இருந்தா. அந்த யானை ரோட்ட மறிச்சு நின்னுச்சுன்னா, ஒன் போன்ல ஓடுற நீலக்கோடும் அதுக்குப் பின்னாடி நிக்க வேண்டியதுதான்.

2018 ஆகஸ்டுல நம்ம மலையில பெஞ்ச மழை, முதிரப்புழையில விழுந்து, பெரியாத்துல சேந்து, நேரா நெடும்பாசேரிக்குள்ள போயிருச்சு. டிக்கெட்டும் இல்ல, பாஸ்போர்ட்டும் இல்ல. ரெண்டு வாரம் ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க. மூணாறுலருந்து ஒழுங்கா ஏர்போர்ட் போய்ச் சேந்தது அந்தத் தண்ணி ஒண்ணுதான்!

எண்டெபியில இறங்கிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காத. கம்பாலா இன்னும் 40 கிலோமீட்டர். ஒன் தேயிலைத் தோட்டம் ஃபோர்ட் போர்ட்டல் பக்கம்ல? கம்பாலாவுலருந்து அது 300 கிலோமீட்டர் சொச்சம். ஆகாசத்துல போறது ஒரு தூக்கம், மிச்சமெல்லாம் ரோடு. அங்க போயும் கொழுந்துதான் நிறுக்கப் போற, அதுக்கு இம்புட்டு அலம்பலு.

கடிகாரத்த ரெண்டரை மணி பின்னாடி திருப்பி வச்சுக்க. இல்லேன்னா அங்க நடுராத்திரியில எந்திரிச்சு, வேலைக்கு நேரமாச்சுன்னு சட்டையத் தேடுவ.

இந்தா, எலுமிச்சம்பழம் ரெண்டு. மேல்பையில வை. பிளேனுக்கு இல்லடா, நேரியமங்கலத்து வளைவுக்கு.