வேங்கிக்காலுக்கு எத்தனை எழுத்து?

திருவண்ணாமலைப் பக்கத்து வீடுகளில் விபூதிப் பொட்டலத்துக்குப் பஞ்சம் கிடையாது. கிரிவலம் வந்துபோகும் உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போவார்கள். தூக்கிப் போட்டால் பாவம். அத்தனையும் பூசிக்கொள்ள நெற்றி போதாது. பூஜை அலமாரி மூலையில் அது பாட்டுக்குச் சேரும். என் கணினியில் நிரல் துண்டுகள் சேர்ந்திருப்பதும் அப்படித்தான். 'பயன்படும்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'ரொம்பப் பயன்படும்'. அதற்குள் 'பிறகு பார்க்க'. அதில் என்ன இருக்கிறது என்று பிறகும் பார்த்ததில்லை.

"எப்பப் பார்த்தாலும் எடுத்து எடுத்து வெக்கிறீங்களே, இதையெல்லாம் எப்பதான் எடுத்துப் போடுவீங்க?" என்று வீட்டில் கேட்பார்கள். எடுத்துப் போடுவதற்கா எடுத்து வைப்பார்கள்?

தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்களுக்கு நகலெடுத்துச் சேர்க்கும் இந்த வியாதி ரெக்கார்டு நோட்டில் தொற்றிக்கொண்டது. நிரலைக் கணினியில் தட்டி ஓட்டிப் பார்ப்போம். பிறகு அதே நிரலைப் பேனாவால் நோட்டில் எழுதுவோம். திரையில் வந்த விடையையும் கோடில்லாத பக்கத்தில் பென்சிலால் எழுதுவோம். கணினி செய்த கணக்கைக் கையால் நகலெடுத்து, கணினிப் பாடத்துக்கு மதிப்பெண் வாங்கிய தலைமுறை நாங்கள். நோக்கம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட் என்று வரிசையாகப் போய், கடைசியில் 'ரிசல்ட்'. அங்கே எல்லோருக்கும் ஒரே வாக்கியம்: நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது. கரண்ட் போன நாளில் நடந்த லேபுக்கும் அதே வாக்கியம்தான்.

எதிர்வீட்டுப் பையன் போன மாதம் தன் நோட்டோடு வந்தான். சி நிரல். முதல் வரியில் கோனியோ ஹெடர், நடுவில் திரையைத் துடைக்கும் கிளியர் ஸ்கிரீன், கடைசியில் கெட்ச். டர்போ சி-யின் நீலத் திரையைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்றும் குலதெய்வங்கள்.

"மாமா, இதை லினக்ஸ்ல போட்டா ஓட மாட்டேங்குது."

"எங்கே பார்த்து எழுதின?"

"சீனியர் அண்ணா நோட்டு."

"அவர் எங்கே பார்த்தாராம்?"

"அவரோட சீனியர் நோட்டு."

இப்படியே கேட்டுக்கொண்டு போனால் 1987-இல் டர்போ சி-யை வெளியிட்ட போர்லண்ட் கம்பெனி வாசலில்தான் போய் நிற்போம். கோனியோ டாஸ் காலத்துச் சரக்கு, லினக்ஸில் கிடையாது. விடை வந்ததும் திரை மறைந்துவிடாமல் ஒரு விசையை அழுத்தும் வரை பிடித்து வைக்கத்தான் அந்தக் கெட்ச். இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. "போடு, அப்பதான் ஓடும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

பையன்களை மட்டும் சொல்லி என்ன பயன்? வெட்டி ஒட்டும் வசதியை 1970-களில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர். அப்போது அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் ஜெராக்ஸ். கலெக்டர் ஆபீஸ் எதிரே மைக்ரோ ஜெராக்ஸ் போடும் கடைக்காரரிடம் சொன்னேன். "பின்னே வேற எங்க சார் கண்டுபிடிப்பாங்க?" என்றார். 2008-இல் வந்த, நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவோ நகலெடுப்பவர்களின் கிரிவலப் பாதையாகவே ஆகிவிட்டது. 2021 ஏப்ரல் முதல் தேதி அந்தத் தளத்துக்காரர்கள், நகலெடுக்கவும் ஒட்டவும் மட்டும் மூன்றே விசைகள் கொண்ட ஒரு விசைப்பலகையை முட்டாள்கள் தின விளையாட்டாக அறிவித்தார்கள். ஜனங்கள் சிரித்துவிட்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அதே ஆண்டில் நிஜமாகவே தயாரித்து விற்றார்கள்.

அதே ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2010-இல் ஒருவர் ஜாவாவில் ஒரு துண்டு எழுதிப் போட்டார். கோப்பின் அளவை மனிதர்கள் படிக்கிற மாதிரி, இத்தனை கிலோபைட், இத்தனை மெகாபைட் என்று காட்டும் சின்ன வேலை. அந்தத் தளத்திலேயே அதிகம் நகலெடுக்கப்பட்ட ஜாவாத் துண்டு அது என்று பின்னால் ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. 2019-இல் எழுதியவரே அதில் பிழை இருப்பதை வெளியிட்டார். 9,99,999 பைட் கொடுத்தால் ஒரு மெகாபைட் என்று சொல்லாமல் ஆயிரம் கிலோபைட் என்கிறது! எடுத்துப் போனவர்கள் துண்டைத்தான் கொண்டுபோனார்கள். திருத்தம் அவர்கள் பின்னாலேயே ஓடிப்போகுமா? சீனியர் நோட்டு சமாசாரம் நம்மூரோடு நிற்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நமக்கு நிஜமாகத் தேவைப்படும் துண்டுகள் வேறு. வேங்கிக்காலில்தான் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு தட்டும் கடைகளில் நிற்க இடமிருக்காது. அங்கே பழைய மனுக்கள் பாமினி எழுத்துருவில் ஒன்று, வானவில் எழுத்துருவில் ஒன்று என்று கிடக்கும். பாமினியில் 'அம்மா' என்று தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். பெற்ற பிள்ளைக்கே அடையாளம் தெரியாது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியாக்கத்தைத் தரமாக ஏற்றது. மனுக்கள் இன்னும் ஏற்கவில்லை. அதனால் எழுத்துரு மாற்றும் நிரல் வைத்திருப்பவனுக்கு இந்தத் தெருவில் டீ இலவசம்.

யூனிகோடுக்கு வந்துவிட்டால் தொல்லை தீர்ந்ததா? பைத்தானில் 'வேங்கிக்கால்' என்று கொடுத்து நீளம் கேட்டால் 12 என்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு 6 என்று சொல்லிவிடும். ஏகாரக் குறி, புள்ளி, இகரக் குறி, கால் எல்லாவற்றையும் கணினி தனித்தனி ஆளாக எண்ணுவதால் வரும் வினை. பெயரைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி முதலில் வந்து, உட்கார மெய்யெழுத்து இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். மருந்து எளிது: குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு, இல்லாவிட்டால் புது எழுத்தைத் தொடங்கு. நாலைந்து வரி. இதையும் இன்னும் பலவற்றையும் 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் தொகுப்பில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அதைத் தொடங்கியவர் முத்து அண்ணாமலை. தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' என்ற மொழியை உருவாக்கியவரும் அவரே. அதில் அச்சிட 'பதிப்பி' என்றால் போதும்.

எங்கள் ஊருக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஸ்ரீ. பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் கணினிக்குள் இரண்டு விதம். பழையது ஸகரத்தில் தொடங்கும். 2005-இல் யூனிகோடில் ஶகரம் சேர்ந்தபின் வந்தது அதில் தொடங்கும். ஸ்ரீ ரமணாசிரமத்தை ஒரு விதத்தில் தட்டி வைத்து மறு விதத்தில் தேடினால் கிடைக்காது. ஆசிரமம் செங்கம் சாலையில் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. தேடுவதற்கு முன் இரண்டையும் ஒன்றாக்க ஒற்றை வரி போதும். என் ஃபோல்டரில் உருப்படியான வரி என்றால் இதைத்தான் சொல்வேன்.

இப்படிப்பட்ட வரிகள் எத்தனை பேர் கணினியில் 'பிறகு பார்க்க'வுக்குள் தூங்குகின்றனவோ! பக்கத்தில் விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுக்கிறது. 2012 முதல் கணியம் என்ற இணைய இதழ் தமிழில் கணினி நுட்பம் எழுதி வருகிறது, து. நித்யாவின் 'எளிய தமிழில்' நூல்கள் அங்கிருந்து வந்தவைதான். உங்களிடம் தமிழ் எழுத்தை எண்ணவோ பிரிக்கவோ வரிசைப்படுத்தவோ ஒரு துண்டு இருந்தால் இவர்கள் யாருக்காவது கொடுங்கள். கொடுக்கும்போது எழுதிய தேதியையும் பைத்தான் பதிப்பு எண்ணையும் மேலே போடுங்கள். ஒவ்வொரு வரியும் எதற்கு என்பதைப் பக்கத்திலேயே தமிழில் எழுதிவிடுங்கள். எதிர்வீட்டுப் பையன் அதைத்தான் முதலில் கேட்பான்.