எழுப்பிவிட்டால் போதுமா?

பிள்ளைகள் நிரல் எழுதக் கற்கட்டும் என்றுதான் 2012இல் ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கணினியைக் கொண்டுவந்தார்கள். அப்பாக்கள் அதை வாங்கி, மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க வைத்துக்கொண்டார்கள். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. கரண்ட் போய் வந்தால் நிரல் தானாகவே கிளம்ப வேண்டும். இந்தத் 'தானாகவே'வுக்கு லினக்ஸில் பல வழிகள். ஒவ்வொன்றுக்கும் வாதாட வக்கீல்கள். நான் சிஸ்டம்டி கட்சி.

எதிர்க்கட்சிகளைப் பாருங்கள். பேஷ்ஆர்சி கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்பார்கள். அது கணினி விழிக்கும்போது ஓடுவதில்லை, யாராவது ஷெல்லைத் திறக்கும்போது ஓடும். 'நிரல் ஓடுகிறதா?' என்று எஸ்எஸ்எச் வழியே எட்டிப் பார்த்தால் இன்னொரு பிரதி கிளம்பிவிடும். சந்தேகப் பிராணிகளின் வீட்டில் அது பெருகிக்கொண்டே போகும். ஆர்சி.லோக்கல் பழைய பெரியவர். ஓயாமல் ஓடும் நிரலை அவரிடம் ஒப்படைத்து, வரிக் கடைசியில் ஆம்பர்சாண்ட் போட மறந்தால், அது முடியட்டும் என்று காத்தே கிடப்பார். கிரானில் அட்ரீபூட் எழுதலாம். ஆனால் கிரானுக்குத் தெரிந்த பாத் மிகக் குறுகியது. டெர்மினலில் சமர்த்தாக ஓடிய நிரல் அங்கே 'கட்டளையைக் காணோம்' என்று கைவிரிக்கும், அதுவும் யாரும் படிக்காத இடத்தில்.

இவற்றுக்குப் பொதுவான குறை வேறு. 'எழுந்திரு' என்று வாசலிலிருந்து கத்திவிட்டு ஆபீசுக்குப் போய்விடும் அப்பாக்கள் இவை. பையன் மறுபடி போர்வைக்குள் போனானா என்பது அவர்கள் கவலையில்லை. சிஸ்டம்டி அம்மா. பத்து வரிக் கோப்பில் 'ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்' என்று எழுதினால், விழுந்த நிரலை மறுபடி எழுப்பும்; எப்போது, என்ன புலம்பிக்கொண்டு விழுந்தது என்பதை ஜர்னல்சிடிஎல் சொல்லும். நிரலைத் தொடங்குவது ஒரு நொடி வேலை. அது சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வருஷக்கணக்கான வேலை. வழியை இதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிஸ்டம்டி பூதாகாரமானது, லாகின் முதல் லாக் வரை எல்லாவற்றையும் விழுங்குகிறது என்பது பழைய குற்றச்சாட்டு. 2014இல் டெபியன் என்ற லினக்ஸ் அதை ஏற்றபோது, பிடிக்காதவர்கள் பிரிந்து டெவுவான் என்று தனிக்குடித்தனமே போனார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் டெபியன் வழிவந்த ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் முதல் புராசஸாக உட்கார்ந்திருப்பதே சிஸ்டம்டிதான். ஒதுக்கினாலும் ஒரு பைட் மிச்சமாகாது. அங்கே ஆர்சி.லோக்கலை ஓட்டுவதும் அதுதான், கிரானைக் கிளப்புவதும் அதுதான். பையில் ஆல்பைன் லினக்ஸ் போட்டவர்களுக்கு ஓபன்ஆர்சி இருக்கிறது. அவர்கள் இந்தச் சண்டையிலிருந்து தப்பித்தவர்கள்.

ஒருமுறை ஓடி முடியும் வேலைக்குக் கிரானே போதும், ஒப்புக்கொள்கிறேன். சாகாமல் மரத்துப்போய் நிற்கும் நிரலை ரீஸ்டார்ட் வரியால் கண்டுபிடிக்க முடியாது என்பதும் உண்மை. அதற்கு வாட்ச்டாக் ஏற்பாடு தனி. இன்னொன்று, அம்மாவின் பொறுமைக்கும் அளவு உண்டு. பத்து வினாடிக்குள் ஐந்து முறை கிளம்பி விழுந்தால் சிஸ்டம்டி கைகழுவிவிடும். இயல்பான இடைவெளியோ 100 மில்லிசெகண்ட்; கரண்ட் வந்ததும் நெட் கிடைக்காமல் விழும் நிரலுக்கு, ரவுட்டர் கண் விழிப்பதற்குள் ஐந்தும் தீர்ந்துவிடும். ஆகவே 'ரீஸ்டார்ட்செக்=10' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், கணக்கு ஐந்தைத் தொடாது.