பழைய படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி

தமிழ் சினிமாவின் எதிர்காலம் ஒருவழியாகத் தெளிவாகிவிட்டது. அது 2004-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த ‘கில்லி’, 2024 ஏப்ரலில் மறுபடி வந்து அரங்குகளை நிறைத்தது. பக்கத்துத் திரையில் புதுப்படம் காற்று வாங்கியது.

நியாயம்தானே? கதை தெரியாத படத்துக்குப் போவதில் எத்தனை ஆபத்து! கதாநாயகி தப்பிப்பாளா மாட்டாளா என்று மூன்று மணி நேரம் பதைக்க வேண்டும். கில்லியில் அந்தத் தொல்லை கிடையாது. வில்லன் முத்துப்பாண்டி வாயைத் திறக்கும் முன்பே அரங்கம் ‘செல்லம்’ என்று கூவிவிடுகிறது. அந்த வேடத்தில் வரும் பிரகாஷ்ராஜுக்கு உதட்டசைவு மட்டும்தான் வேலை. கதாநாயகி த்ரிஷா கலங்கரை விளக்கத்தில் ஒளிந்திருப்பது அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர்கூடக் கதாநாயகனின் போலீஸ் அப்பாவிடம் போட்டுக் கொடுப்பதில்லை. என்ன கட்டுப்பாடு!

ஆகவே தயாரிப்பாளர்களே, எடுத்த படத்தைச் சுடச்சுட வெளியிட்டுக் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். இருபது வருடம் ஊறுகாய் ஜாடியில் போட்டுவைத்து, நேரடியாக மறுவெளியீடு செய்யுங்கள். விமர்சகர்கள்கூடப் பால்ய நினைவில் கண்கலங்கி, லாஜிக்கை மன்னித்துவிடுவார்கள்.

நான் போன காட்சியில், பக்கத்து இருக்கை அண்ணன் ‘அப்படிப் போடு’ பாட்டுக்கு ஆடி முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அப்பவே பதினெட்டு தடவை பாத்தேன் தம்பி!”

“எந்தத் தியேட்டர்லண்ணே?”

டிக்கெட்டை மடித்துப் பத்திரமாகப் பர்ஸில் வைத்தார்.

“வீட்லதான். திருட்டு விசிடி.”