ஒன் சைடு பேப்பர்: ஒரு பூர்வாங்க ஆய்வு

அரசு அலுவலகங்களில் ‘ஒன் சைடு பேப்பர்’ என வழங்கப்படுவது, ஒரு பக்கத்தில் அச்சேறி, அந்த அச்சினால் இனி யாருக்கும் பயனில்லை என்று முடிவான பின்னரும், மறுபக்கம் வெறுமையாக இருப்பதொன்றையே காரணமாகக் கொண்டு குப்பைக் கூடையிலிருந்து விலக்குப் பெற்ற தாளாகும். சுற்றறிக்கைகளில் சுற்றுச்சூழல் என்ற சொல் இடம்பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வழக்கம் நிலைபெற்றுவிட்டதால், இதன் தோற்றத்தைப் பசுமைச் சிந்தனையில் தேடுவதைவிட, ஸ்டேஷனரி கேட்டுப் போட்ட இண்டென்ட்டுக்குப் பதில் வராத அனுபவத்தில் தேடுவதே ஆய்வு நெறிக்கு உகந்தது.

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையைக் கூழாக்கிக் காகிதம் செய்வதால், எழுத்தரின் மேசையில் கிடக்கும் தாள் முற்பிறவியில் சர்க்கரை ஆலையில் பிழியப்பட்ட கரும்பாக இருந்திருக்கலாம்; இப்பிறவியிலும் அது பிழியப்படுவதில் வியப்பில்லை. சதுர மீட்டருக்கு 80 கிராம் தரமுள்ள ஏ4 தாள் ஒன்றின் எடை ஏறத்தாழ 5 கிராம். எனவே மறுபக்கத்தைப் பயன்படுத்தாமல் எறிபவர் 2.5 கிராமை மட்டுமே வீணாக்குகிறார் என்று வாதிடும் ஒரு சாரார் உண்டு. தாளை இரு பக்கமாக உரித்துக் காட்டும்வரை அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று.

லேசர் பிரிண்டரின் சூட்டு உருளையைக் கடக்கும் தாள் ஈரப்பதத்தை இழந்து சுருள்வதால், இரண்டாம் முறை உள்ளே போகும்போது சிக்கிக்கொள்ள வாய்ப்பு மிகுதி. பிடுங்க மறந்த ஸ்டேப்ளர் பின் ஒன்று டிரம்மைக் கீறிவிட்டால், மிச்சம்பிடித்த காகிதத்தின் விலை அத்தனையும் ஒரே மதியத்தில் போய்விடும். இதனினும் கடுமையானது இருமுகச் சிக்கல், அதாவது எந்தப் பக்கம் செல்லும், எந்தப் பக்கம் செல்லாது என்ற ஐயம். இதைத் தீர்க்கவே அச்சான பக்கத்தில் மூலைக்கு மூலை பேனாவால் பெருக்கல் குறி போடும் மரபு உருவானது. குறி விடுபட்ட இடங்களில், குடிநீர்க் குழாய் பற்றிய பதில் கடிதத்தின் பின்புறம் யாரோ ஓர் ஊழியரின் 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை இருப்பதும், மனுதாரர் அதையே முதலில் வாசிப்பதும் நேரக்கூடியவையே.

இத்தாளைக் கையாள்வோரில் செலவிடுவோர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான்காகக் கிழித்து, குண்டூசி குத்தி, டீக்கணக்கு எழுதுகின்றனர். சேமிப்போரே ஆய்வுக்குரியவர்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்து, கேட்பவரிடம் “ரெண்டு ஷீட் மட்டும் எடுத்துக்கோங்க சார்” என்று எண்ணிக் கொடுக்கும் கண்காணிப்பாளர், ஓய்வுபெறும் நாளில், பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இடம்பெறாத அக்கட்டுகளை யாரிடம் விடுவதென்று கலங்குவதுண்டு. அவர் அவற்றைப் பயன்படுத்தினாரா என்றால், இல்லை; எழுதியதெல்லாம் புதிய ரீமில்தான். வடையின் எண்ணெயை ஒற்றியெடுக்கும் பயன்பாடு தனி இயலுக்குரியது. செய்தித்தாளில் உணவு பொட்டலம் கட்டுவதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் அச்சு மையைக் காரணம் காட்டி எச்சரித்திருக்க, வெறும் பக்கத்தில்தான் வடை வைக்கப்படுகிறது என்ற தற்காப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பது விவாதத்துக்குரியது.

மின் அலுவலகம் வந்தபின் இத்தாளின் வரத்து வற்றிவிடும் என்று அஞ்சியோர் உண்டு. திரையில் வந்த கோப்பைத் திரையிலேயே படிப்பது கண்ணுக்குக் கேடு என்று கருதும் அதிகாரிகள் அதை அச்செடுத்தே வாசிப்பதாலும், காகிதச் சிக்கனம் குறித்த சுற்றறிக்கை பிரிவுக்கொரு படியாக, ஒருபக்கமாகவே அச்சிட்டு அனுப்பப்படுவதாலும், அவ்வச்சம் இதுவரை மெய்ப்படவில்லை.