-டோம், -டாய்ங்க: தேனி வட்டாரக் கால்பந்து ரசிகரின் உடைமை இலக்கணம்

ஒரு கால்பந்து அணி யாருடையது என்ற கேள்விக்குக் காகிதத்தில் ஒரு விடை உண்டு. 2014இல் இந்தியன் சூப்பர் லீக்குக்காகச் சென்னையின் எஃப்சி பிறந்தபோது அபிஷேக் பச்சன், வீட்டா டானி, தோனி ஆகியோர் அதன் உரிமையாளர்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. தேனி நேரு சிலைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் நிலவும் விடை வேறு. இவ்விரண்டில் எது செல்லும் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். முன்னோர் எவரும் இத்துறையைத் தொட்டதில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

ஆய்வுக் களங்கள் மேற்படி டீக்கடையும் கம்பத்தில் ஒரு சலூனும். காலம் 2019 முதல் 2022 வரை, ஊரடங்கில் கடை மூடியிருந்த நாட்கள் நீங்கலாக. மாதிரியின் அளவு, பெஞ்சு எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை. ஒருமுறை தாங்கவில்லை, அன்று ஆய்வு நின்றுகொண்டே நடந்தது.

முதலில் நிலவியல். தேனியிலிருந்து சென்னை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். கொச்சி அதில் பாதிகூட இல்லை. ஆகவே நியாயப்படி இந்த வட்டாரம் கொச்சியின் கேரளா பிளாஸ்டர்சுக்கு உரியது. ஏலத்தோட்டத்துக்கு விடியலில் ஜீப் ஏறுகிறவர்கள் சாயங்காலம் குமுளி இறங்கி வரும்போது, கூலியோடு அந்த அணியின் ரசிகர் கூட்டமான மஞ்ஞப்படையின் சேதியையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். சிஎஸ்கேவுக்கு வாங்கிய மஞ்சள் சட்டை பிளாஸ்டர்சுக்கும் ஆகிறது என்ற பொருளாதாரக் காரணத்தையும் புறந்தள்ள முடியாது. சென்னையின் எஃப்சியின் சட்டை நீலம்; அதற்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும். இருந்தும் நீலச்சட்டை பெஞ்சில் இருக்கிறது. காரணம் கேட்டால் ஒரே சொல்: “தோனி.”

இனி இலக்கணம். தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. ‘நாம்’ என்றால் கேட்கிறவனும் உள்ளே. இலக்கண நூலார் இதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். இங்கிலீஷ்காரனுக்கு இந்த வசதி இல்லை. கால்பந்தைக் கண்டுபிடித்தவனுக்கு அதைப் பற்றிப் பேசச் சரியான சொல் கிடைக்காமல் போனது பரிதாபம்.

2019இல் லித்துவேனியாவிலிருந்து நெரியுஸ் வால்ஸ்கிஸ் என்ற 32 வயது முன்கள வீரர் சென்னைக்கு வந்தார். அன்று பெஞ்சில் பதிவான வாக்கியம்: “நாம ஒருத்தன எடுத்துருக்கோம்ணே.” சீசன் தொடக்கத்தில் அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. அந்த வாரங்களில் வாக்கியம் இப்படித் திரிந்தது: “யாரையோ புடிச்சுட்டு வந்துருக்காய்ங்க.” அதே ஆள், அதே ஒப்பந்தம், விகுதி மட்டும் வேறு. பயிற்சியாளர் ஜான் கிரிகரி போய் ஓவன் காயில் வந்தார். வால்ஸ்கிஸ் அடிக்கத் தொடங்கினார், அணி எழுந்தது, ‘-டோம்’ திரும்பியது. சீசன் முடிவில் 15 கோலுடன் தங்கக் காலணி வால்ஸ்கிஸுக்கு. “தங்கக் காலணி வாங்கிட்டோம்” என்றவர் அப்போது ரப்பர் செருப்பு அணிந்திருந்தார் என்பதை ஆய்வாளன் கண்ணால் கண்டான்.

ஆக முதல் விதி: வரவுக்கு ‘-டோம்’, செலவுக்கு ‘-டாய்ங்க’.

இந்த விதிக்கு ஒரே ஒரு புறனடை கிடைத்தது. 2020 மார்ச் 14, கோவாவின் ஃபதோர்டா மைதானம், இறுதிப்போட்டி. கொல்கத்தாவின் ஏடிகே மூன்று, சென்னை ஒன்று. அந்த ஒன்றும் வால்ஸ்கிஸ் அடித்தது. தோற்ற ஆட்டமாயிற்றே, ‘-டாய்ங்க’தானே வர வேண்டும்? “தோத்துட்டோம்” என்றே எல்லாரும் சொன்னார்கள். பல நாள் யோசித்தபின் விளங்கியது. கொரோனா காரணமாக அந்த ஆட்டத்துக்குப் பார்வையாளர் யாரையும் விடவில்லை. சென்னைக்காரனும் டிவியில்தான் பார்த்தான், தேனிக்காரனும் டிவியில்தான் பார்த்தான். 500 கிலோமீட்டர் அன்று ஒருநாள் அழிந்துபோயிற்று.

பிறகு அந்தச் சேதி வந்தது. காயில் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார். வால்ஸ்கிஸும் பின்னாலேயே போனார். “விட்டுட்டாய்ங்க மாப்ள!” என்று சலூனில் பாதிச் சவரத்தில் ஒருவர் எழுந்தார். நேரு சிலைப் பக்கம் விவாதம் வேறு திசையில் போனது. அங்கே பணி ஓய்வு பெற்ற ஒரு வருவாய்த் துறைப் பெரியவர் உண்டு. டிரான்ஸ்ஃபர் என்ற சொல்லைக் கேட்டதும் பேப்பரை மடக்கினார்.

“புரமோஷனா, பனிஷ்மெண்டா?”

“ரெண்டும் இல்லங்கய்யா. வேற டீமு.”

“எந்த ஊரு?”

“ஜாம்ஷெட்பூரு. டாட்டா ஸ்டீல் நடத்துறது.”

“டாட்டாவா? பி.எஃப். இருக்கும், குவார்ட்டர்ஸ் குடுப்பான். நல்ல டிரான்ஸ்ஃபர்தானப்பா. இதுக்கா இம்புட்டு அழுக?”

உரிமையாளரைப் பற்றிய இவ்வளவு தெளிவான மதிப்பீட்டை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஆனால் ஒன்று, 2020–21 சீசன் முழுவதும் கோவாவில் பூட்டிய மைதானங்களில்தான் நடந்தது. ஆகவே சென்னையிலிருந்து ஜாம்ஷெட்பூருக்கு மாற்றலாகிப் போன வால்ஸ்கிஸ் இறுதிப்போட்டி ஆடிய அதே கோவாவில் ஆடினார். ஊர் மாறவில்லை, ஊர்ப்பெயர் மட்டும் சட்டையில் மாறியது. இடவாகுபெயருக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் வகுப்பறையில் கிடைக்காது. நவம்பர் 24 அன்று இரு அணியும் மோதின. சென்னை 2–1 என வென்றது. எதிரணியின் ஒரு கோல் வால்ஸ்கிஸ் அடித்தது. “ஜெயிச்சுட்டோம்” என்ற குரலில் அன்று சுருதி இல்லை. “நம்மாளு அடிச்சுட்டான்” என்றார் ஒருவர். யார் நம்மாள் என்று கேட்க எவருக்கும் மனம் வரவில்லை.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று வகை பிரித்து ஓட்டும் பள்ளத்தாக்கு இது. மாடு வாங்கப் போனால் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். வெளிநாட்டு வீரரையும் இங்கே அப்படித்தான் பார்க்கிறார்கள். 2017இல் மான்செஸ்டர் யுனைடெட் புகழ் பெர்பட்டோவ் 36 வயதில் பிளாஸ்டர்சுக்கு வந்தபோது, “கடைப்பல் சேந்த மாடு, நிக்க அழகு, இழுக்காது” என்று சலூனில் தீர்ப்பு வந்ததாம். இது செவிவழிச் செய்தி. ஆய்வுக் காலத்துக்கு முந்தியது. இருந்தாலும் அவர் அந்த அணிக்கு அடித்தது ஒரே கோல். ஆனால் ஓக்பெச்சே என்ற வெளிநாட்டு முன்கள வீரர் இந்தச் சாத்திரத்தைக் கவிழ்த்தார். நார்த்ஈஸ்ட், கேரளா, மும்பை, ஹைதராபாத் என்று நாலு சீசனில் நாலு தொழுவம். கடைசித் தொழுவத்தில் 37 வயதில் 18 கோல். அந்த ஆண்டு ஹைதராபாத் இறுதிப்போட்டியில் சாய்த்ததோ அவருடைய பழைய பிளாஸ்டர்சை. மஞ்சள் சட்டைக்காரர்களிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர்கள் சிஎஸ்கே பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

மையக் கேள்விக்கு வருவோம். ஆறாம் வேற்றுமைக்குரிய கிழமைப் பொருளை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் நம் இலக்கணிகள். சாத்தனது கை என்பது தற்கிழமை, பிரிக்க முடியாது. சாத்தனது ஆடை பிறிதின்கிழமை, கழற்றலாம், விற்கலாம். பிளாஸ்டர்ஸ் அணியைத் தொடக்கத்திலிருந்து வைத்திருந்த சச்சின் 2018இல் தம் பங்கை விற்றுவிட்டுப் போனார். 2019இல் மும்பை அணியின் 65 விழுக்காட்டை மான்செஸ்டர் சிட்டியை நடத்தும் சிட்டி ஃபுட்பால் குரூப் வாங்கியது. எனவே உரிமையாளர் என்று செய்தித்தாளில் வருகிறவருக்கு அணி ஆடைதான். கம்பத்துச் சலூனில் சச்சின் விற்றுப்போன சேதி வந்து நாலு வருடம் கழித்தும் அது “சச்சின் டீமு”தான். விற்றவரே விட்டாலும் சலூன் விடுவதில்லை. சட்டப்படி இது செல்லாது, இலக்கணப்படி செல்லும் என்பது என் முடிபு.

2022 ஜனவரியில் வால்ஸ்கிஸ் சென்னைக்கே திரும்பினார், 34 வயதில். நான் வேண்டுமென்றே அன்று மாலை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “நம்மாள நாமளே திரும்ப எடுத்துட்டோம்ணே! ஆளுக்கொரு டீயும் வடையும் சொல்லு. காசு நாம பாத்துக்கலாம்.”

‘நாம்’ என்றால் கேட்கிறவனும் உள்ளே என்று மேலே எழுதியிருக்கிறேன். எட்டு டீ, எட்டு வடை. கொடுத்தேன்: தன்மை ஒருமை வினைமுற்று.