சட்டாம்பிள்ளையின் சீமைப் பயணம்

சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை 1789இல் ஏற்று நடத்தவந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், ஒருநாள் திண்ணைப் பள்ளி ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தம் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். உடனே வேலையை ஒரு சிறுவனிடம் ஒப்படைத்தார். அவன் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே காட்டிவிட்டான்.

இதைத்தான் நம்மூர்ச் சட்டாம்பிள்ளை காலங்காலமாகச் சம்பளமின்றிச் செய்துவந்தான். பெல் 1797இல் லண்டனில் அறிக்கையாக அச்சிட்டதும் அது ‘மெட்ராஸ் முறை’ என்னும் கல்விக் கொள்கை ஆகிவிட்டது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர்.

இதற்கிடையில், இதே முறையோடு போட்டிக்கு ஜோசப் லங்காஸ்டர் என்பவர் வந்தார். யார் முந்தி என்று சண்டை. பெல் பக்கம் இங்கிலாந்துத் திருச்சபை, லங்காஸ்டர் பக்கம் மற்றச் சபையார். ஒரே வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் பரம சம்மதம்.

லங்காஸ்டர் பிரம்படியை வெறுத்த கருணைமிக்க குவேக்கர் சபைக்காரர். ஆகவே குறும்பு செய்த பையன்களைக் கூடையில் உட்காரவைத்து, வகுப்பறைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்.